பெட்டக அறைக்குள் ஐந்து பேர்

அன்று பெட்டக அறைக்குள் இருந்தவர்கள் ஐந்து பேர். நான், என் தம்பி, தம்பியின் மூத்த மகள், அவள் கணவர், தம்பியின் இளைய மகள். மூத்தவளை வீட்டில் பெரியவள் என்போம், இளையவளைச் சின்னவள் என்போம். மூத்தவளின் கணவர் எங்கள் எல்லோருக்கும் மாப்பிள்ளை. வெளியே படிக்கட்டின் மேல் முனையில் காவலாளி நின்றிருந்தான். அசையாமல் நிற்பதால் அவனுக்குத் தூண் என்று பெயர். அவன் உள்ளே வரவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிற்பாடு பலர் தாங்களே அந்த அறையில் நின்று பார்த்ததுபோல் பேசினார்கள்.

பிறர் பொருளைப் பத்திரமாக வைத்திருந்து கேட்கும்போது கொடுப்பது எங்கள் குடும்பத் தொழில். அப்பா தொடங்கியது. நிலவறையில் நான்கு சுவரிலும் எஃகுப் பெட்டகங்கள். சிலர் நகை வைப்பார்கள், சிலர் பத்திரம். ஒருவர் பல வருடமாக எதையோ ஒரு பழைய துணியில் சுற்றி வைத்திருக்கிறார், மாதம் ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போகிறார். என்ன என்று நாங்கள் கேட்பதில்லை. கேட்காமல் இருப்பதுதான் எங்கள் தொழில். அப்பாவுக்குப் பிறகு நான் நிர்வாகம் செய்கிறேன். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அதற்கான அவசியமும் ஏற்படவில்லை.

எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. நாலு பேர் காதில் விழக் கூடாத விஷயத்தைப் பெட்டக அறைக்குள் வைத்துத்தான் பேசுவோம். வீட்டில் பேசினால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். அலுவலகத்தில் பேசினால் ஊழியர்களுக்குக் கேட்கும். பெட்டக அறையில் கதவைச் சாத்திவிட்டால் தொண்டை கிழியக் கத்தினாலும் குடும்ப விஷயம் குடும்பத்தோடு நிற்கும். பெரியவளின் கல்யாணப் பேச்சு அங்கேதான் முடிந்தது. தம்பி ஒருமுறை தனிக்குடித்தனம் போகிறேன் என்று சொல்லி, போகவில்லை என்று ஒப்புக்கொண்டதும் அங்கேதான்.

அந்த அறைக்கு விதிகள் உண்டு. கைப்பையும் கைபேசியும் உள்ளே வரக் கூடாது. வாசலில் ஒரு மரப்பெட்டி இருக்கிறது, அதில் போட்டுவிட்டுத்தான் யாரும் நுழைய வேண்டும். வாடிக்கையாளருக்கு ஒரு விதி, வீட்டாருக்கு ஒரு விதி என்று நான் வைக்கவில்லை. கதவுக்கு இரண்டு சாவி. ஒன்று என்னிடம், ஒன்று தம்பியிடம். நாங்கள் குடும்பத்தோடு உள்ளே இருக்கும்போது தூண் கீழே இறங்கக் கூடாது, கதவைத் தட்டக் கூடாது, என்ன சத்தம் கேட்டாலும் எட்டிப் பார்க்கக் கூடாது. அவன் சொன்ன சொல் தவறாதவன்.

அன்று வார விடுமுறை. மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் பேசி முடித்துவிடலாம் என்று எல்லோரையும் வரச் சொன்னேன். தம்பிக்குச் சர்க்கரை நோய். சாப்பிடுவதற்கு முன் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்வான். அன்றும் போட்டுக்கொண்டுதான் வந்தான். கொஞ்ச நேரப் பேச்சு, அப்புறம் நேராகச் சாப்பாடு என்பது ஏற்பாடு. ஊசி போட்டபின் சாப்பிடாவிட்டால் சர்க்கரை மளமளவென்று இறங்கிவிடும் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அதற்காகவே அவன் பையில் எப்போதும் மிட்டாய் வைத்திருப்பான். பை மரப்பெட்டியில் இருந்தது.

பேச வேண்டியது கதவைப் பற்றி. சாவியைத் திருப்பினால் மட்டும் அது திறக்காது. மாடி அலுவலகத்தில் இருக்கும் ஒரு கணினியும் சம்மதிக்க வேண்டும். உள்ளேயிருந்து வெளியே வருவதற்குச் சுவரில் ஒரு பச்சைப் பொத்தான். அதை அழுத்தினாலும் அந்தக் கணினியைக் கேட்டுத்தான் கதவு விடும். பக்கத்தில் விரல் வைத்து இயக்கும் ஒரு சிறிய திரை. கேமரா, மாடியோடு பேசும் ஒலிபெருக்கி, எல்லாமே அந்த ஒரே கணினியில்தான் ஓடின. பொருத்திக் கொடுத்த கம்பெனி கடையை மூடிவிட்டுப் போய்விட்டது. அதிலிருந்த இயங்குதளம், ஓ.எஸ். என்பார்களே அது, பழைய பதிப்பு. அதில் புதிதாக ஓட்டை கண்டுபிடித்தால் அடைத்துக் கொடுக்க அதைச் செய்தவர்களே இப்போது முன்வருவதில்லை. அதனால் இணைய இணைப்பைப் பிடுங்கிவிட்டுத் தனியாக வைத்திருந்தோம். சின்னவள்தான் அதைப் பராமரித்து வந்தாள். அவள் கணினி படித்தவள். மாப்பிள்ளையும் கணினித் துறைதான், அலுவலகங்களுக்குக் கணினிகள் பொருத்திக் கொடுக்கும் நிறுவனத்தில் பெரிய பொறுப்பு.

ஆக, பழையதை எடுத்துவிட்டு எதை வைப்பது என்பதுதான் கேள்வி. மாப்பிள்ளை வழவழப்பான தாளில் ஒரு ஒப்பீட்டு அட்டவணை அச்சடித்துக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

"அத்தை, சுருக்கமா சொல்லிடறேன். சீல் வச்ச பெட்டி. உலகத்துல பாதி ஆபீஸ்ல ஓடுற ஓ.எஸ். அப்டேட் அதுவே போட்டுக்கும். ஏதாவது சிக்கல்னா கம்பெனி ஆளு அங்க உக்காந்தபடியே சரி பண்ணிடுவான். நம்ம தலையில ஒரு பாரமும் இல்ல."

சின்னவள் தாளைத் திருப்பிப் பார்த்தாள். "பாதி ஆபீஸ்ல இருக்குன்னா, திருடன் கத்துக்கிறதும் அதுக்குத்தான் அத்தான். ஒரு பூட்டத் திறக்கக் கத்துக்கிட்டா பாதி ஊரு அவன் கையில."

"அப்போ உன்னோடது?"

"சின்ன போர்டு. ஃபேன்கூட கெடையாது, தூசி அடையாது. லினக்ஸ், யாருக்கும் இலவசமா கெடைக்கிற ஓ.எஸ். அதுலயும் கதவுக்கு வேண்டாத எல்லாத்தையும் உருவி எறிஞ்சிடுவேன். நெட்வொர்க்கே கெடையாது. உள்ள என்ன எழுதியிருக்குன்னு வரிவரியா படிக்கலாம்."

"யாரு படிப்பா? அத்தை படிப்பாங்களா? உங்கப்பா படிப்பாரா? ஓசியில கெடைக்கிற சாமானை வச்சா ஊரு நகையப் பூட்டுவாங்க?"

"ஓசின்னு மட்டமா பேசாதீங்க. உங்க கம்பெனி பெட்டிக்குள்ளயும் பாதிக்குப் பாதி இதுதான் ஓடும், திறந்து பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

"சரி, உன் பெட்டி கெட்டுப்போனா யாரைக் கூப்புடறது?"

"என்னை."

"நீ கல்யாணம் ஆகி வேற ஊருக்குப் போயிட்டா?"

"போற ஊர்லயிருந்து பாத்துக்குவேன்."

"நெட்வொர்க்கே கெடையாதுன்னு இப்பத்தான சொன்ன."

தம்பி சிரித்துவிட்டான். பெரியவளும் உதட்டைக் கடித்துக்கொண்டாள். சின்னவள் முகம் சிவந்தது. "அப்போ உங்க ஆளு அங்கேயிருந்து கதவைத் திறப்பானே, அவன் யாரு, எவருன்னு சொல்லுங்க. பேராவது தெரியுமா?"

"நம்பிக்கையான கம்பெனி."

"அத்தைகிட்ட நம்பிக்கைக்குப் பொருள் வைக்கிறாங்க. அத்தை யார்கிட்டயும் நம்பிக்கைக்குச் சாவி குடுத்ததில்ல."

இது எனக்குப் பிடித்திருந்தது என்பதை மறைக்கவில்லை. ஆனாலும் மாப்பிள்ளை பக்கமும் நியாயம் இருந்தது. ஒரே ஒரு பெண்ணின் தலைக்குள் இருக்கும் அறிவை நம்பி ஒரு நிலையத்தை நடத்த முடியாது. அவர் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை, அவர் சொல்லைச் சின்னப் பெண் முன்னால் தள்ளிவிட்டால் பெரியவளுக்குத் தலைகுனிவு. யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்தேன்.

"சாப்பிடலாம் வாங்க. அப்புறம் பேசலாம்."

"அப்பாடா," என்றான் தம்பி. "ரெண்டு கட்சியும் சேர்ந்து என் வயித்தக் காயப்போட்டுட்டீங்க."

பச்சைப் பொத்தானை அழுத்தினேன். எப்போதும் கேட்கும் கிளிக் சத்தம் கேட்கவில்லை. மறுபடி அழுத்தினேன். கதவு அப்படியே இருந்தது. பக்கத்துத் திரையைப் பார்த்தேன். அதில் எங்கள் நிலையத்தின் பெயர் இல்லை. வேறு எழுத்துகள் இருந்தன.

புதுப்பிக்கப்படுகிறது. கணினியை அணைக்க வேண்டாம்.

கீழே ஒரு வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது.

"இது எப்படிப் புதுப்பிக்கும்? இதுக்குத்தான் லைனே இல்லையே," என்றாள் சின்னவள். பெரியவள் தன் கணவரைப் பார்த்தாள். கூடப் படுத்து எழுகிறவளுக்கு முகம் தெரியும்.

"என்னங்க?"

மாப்பிள்ளை கைக்குட்டையை எடுத்தார். "காலையில சீக்கிரமே வந்தேன்ல. ஒரு சின்ன வேலை பண்ணேன். கேபிள மாட்டி எங்க கம்பெனி உதவி புரோகிராம மட்டும் அதுல போட்டேன். பேசி முடிச்சதும் மாடிக்குக் கூட்டிட்டுப் போயி அத்தைக்கு ஒரு டெமோ காட்டலாம்னு. கேபிளக் கழட்ட மறந்துட்டேன் போல."

"இவ்வளவு வருஷமா பட்டினி கெடந்தது," என்றாள் சின்னவள். "வாசல் திறந்ததும் விட்டுப்போன பழைய அப்டேட்டையெல்லாம் அள்ளிப் போட்டுக்குது."

"முடிஞ்சதும் தானா வந்துடும். கொஞ்ச நேரம்தான்," என்றார் மாப்பிள்ளை.

நாங்கள் உட்கார்ந்தோம். மூச்சுக்குப் பயமில்லை. காற்று வரும் குழாய்க்கு அப்பா தனி மின்சாரம் கொடுத்திருந்தார். ஆனால் அந்த அறையில் உட்கார்ந்து பேசலாமே தவிர, காத்திருக்க முடியாது. எந்தப் பக்கம் பார்த்தாலும் எஃகு. ஒவ்வொரு பெட்டகக் கதவிலும் நம் முகமே கோணலாகத் தெரியும். கடிகாரம் கிடையாது. ஜன்னல் கிடையாது. இரண்டு சாவியும் எங்கள் மடியில் இருந்தன. சாவித் துவாரம் வெளியே இருந்தது.

வட்டம் சுற்றுவது நின்றது. திரை கறுத்தது. பிறகு வெளிச்சம் வந்தது. எங்கள் கதவு நிரல் வரும் என்று பார்த்தோம். வெறும் நீலம்தான் வந்தது.

சின்னவள் திரையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். "இப்பப் போட்ட அப்டேட்டுக்கும் கதவு புரோகிராமுக்கும் ஒத்துக்கல. எந்திரிக்கவே இல்ல. கணினி நின்னா கதவு பூட்டியே இருக்கணும்னுதான் ஏற்பாடு."

"நீதான பாத்துக்கிற. கிளப்பி விடு," என்றார் மாப்பிள்ளை.

"எதை வச்சு? கீபோர்டு மாடியில இருக்கு. இங்க விரல் மட்டும்தான். திரையில பொத்தான் இருந்தாத்தான் அமுக்க முடியும்."

ஒலிபெருக்கியும் ஊமை. மாப்பிள்ளை ஒரு முக்காலியைத் தூக்கிக் கதவில் இடித்தார். பலமாக, பல தடவை. நான் தடுக்கவில்லை. தடித்த எஃகு அந்த இடியை விழுங்கிக்கொண்டது.

"தூணுக்குக் கேக்கும்," என்றாள் பெரியவள். "ஆனா வர மாட்டான். போன தடவை நாம பேசுறப்ப மேசையே உடைஞ்சுது. அவன் திரும்பிக்கூடப் பாக்கல. அத்தை அவனைப் பாராட்டி ஒரு சட்டைத்துணி வேற வாங்கிக் குடுத்தாங்க."

அது உண்மைதான்.

சாப்பாட்டு நேரம் எப்போதோ தாண்டியிருக்கும். அப்போது தம்பி வாயைத் திறந்தான். அவன் பேச்சு அவன் பேச்சாக இல்லை. "அக்கா, அந்தச் சன்னலைச் சாத்து. வெயில் அடிக்குது," என்றான்.

பெரியவள் எழுந்து அவன் நெற்றியைத் தொட்டாள். கை நனைந்து வந்தது. சட்டைக் காலர் ஊறிப்போயிருந்தது. அவன் விரல்கள் தாளம் போடுவதுபோல் நடுங்கின. கல்யாணம் ஆகிப் போகும்வரை தினமும் அவனுக்கு ஊசி போட்டவள் அவள்தான். "அத்தை, அப்பாவுக்குச் சர்க்கரை இறங்குது," என்றாள். "எதுனா இனிப்பு வேணும். இப்பவே."

எல்லோரும் பையைத் துழாவினோம். பை என்று ஒன்று இருந்தால்தானே. மாப்பிள்ளையின் சட்டைப்பையில் பேனா. என் மடியில் சாவி. சின்னவளிடம் தலைமுடி க்ளிப்.

"எத்தனை லாக்கர் இருக்கு," என்றார் மாப்பிள்ளை. "எதுலயாவது ஒரு மிட்டாய்..."

"அந்தப் பேச்சு வாய்க்குள்ளயே நிக்கட்டும்," என்றேன்.

"உயிர் போற நேரத்துல..."

"அடுத்தவங்க பெட்டகம், மாப்பிள்ளை. அதுவுமில்லாம ஒவ்வொண்ணோட சாவியும் அவங்கவங்ககிட்ட இருக்கு."

அவர் சின்னவள் பக்கம் திரும்பினார். "இத்தனை வருஷமா நீதான இந்த மெஷினைப் பாத்துக்கிற. புரோகிராம் தெரிஞ்சவங்க எல்லாருமே தங்களுக்குன்னு ஒரு வழி வச்சிருப்பாங்க. ரகசியமா எங்கயாவது தொட்டா திறக்கிற மாதிரி. வச்சிருந்தா இப்பச் சொல்லிடு. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

"இல்ல."

"உங்க அப்பா உயிரும்மா அது."

"இல்லன்னு சொல்றேன்ல."

தம்பியின் தலை பெரியவள் தோளில் சாய்ந்துவிட்டது. கண் திறந்திருந்தது, பார்வை இல்லை. நான் சின்னவள் அருகில் போனேன். அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டேன். எங்கள் குடும்பத்தில் யாரும் யாரையும் இப்படிக் கேட்டிருக்க மாட்டார்கள். "இருந்தா சொல்லு. நான் ஏன்னு கேக்க மாட்டேன். எப்பவும் கேக்க மாட்டேன்."

அவள் அழுதாள். "இருந்தா உங்க முகத்தப் பாத்து நின்னிருக்க மாட்டேன் அத்தை. நெசமா இல்ல. எனக்கும் சேத்துத்தான் பூட்டி வச்சிருக்கேன்."

அவளைப் போல் ஒரு பெண்ணை வளர்த்த குடும்பம் என்று நான் நிமிர்ந்திருக்க வேண்டிய நேரம் அது. அவள் கொஞ்சம் நேர்மை குறைந்தவளாக இருந்திருக்கக் கூடாதா என்றுதான் அந்த நேரத்தில் நினைத்தேன்.

நீலத் திரையில் ஒரு சிறிய கட்டம் வந்தது. மாப்பிள்ளை காலையில் போட்ட நிரல், மெதுவாக விழித்துக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தது.

உதவி தேவையா? எங்கள் ஊழியர் உங்கள் கணினியை முழுமையாக இயக்க அனுமதிக்கிறீர்களா?

கீழே இரண்டு பொத்தான். ஆம். இல்லை.

"அமுக்குங்க," என்றார் மாப்பிள்ளை. "பழைய நிலைக்குக் கொண்டுபோய்க் கதவைத் திறந்துடுவான்." கையை நீட்டியவர், என்னைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அவர் மேல் எனக்கு ஆயிரம் வருத்தம் இருக்கலாம். அந்தக் கையை அவர் நிறுத்தியதை மட்டும் நான் மறக்க மாட்டேன்.

சின்னவள் கண்ணைத் துடைத்தாள். "முழுமையான்னா முழுமையா அத்தை. கதவு மட்டும் இல்ல. கேமரா, ஆளுங்க பேரு, எந்தப் பெட்டகம் யாருது, எல்லாம். ஒரு தடவை உள்ள வந்துட்டா, வெளிய போயிட்டான்னு நம்மால நிரூபிக்க முடியாது." தம்பி பக்கம் திரும்பிப் பார்த்தாள். "ஆனா அமுக்குங்க. எனக்கு அப்பா வேணும்."

அப்பா இந்த நிலையத்தைத் தொடங்கிய நாளிலிருந்து வெளியாள் கை இந்தக் கதவில் பட்டதில்லை. வெள்ளம் வந்தபோதும், அரசாங்கம் கேட்டபோதும் படவில்லை. என்னை நம்பிப் பொருள் வைத்தவர்களின் முகங்கள் ஒவ்வொன்றாக வந்தன. அந்தத் துணிமூட்டைக்காரர் முகமும் வந்தது. இந்தப் பக்கம் என் தம்பி. சின்ன வயதில் இருட்டுக்குப் பயந்து என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நடந்தவன். அவன் வாயோரம் எச்சில் வழிந்தது.

ஆம் என்பதில் விரலை வைத்தேன்.

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு திரையில் அம்புக்குறி தானாக நகர்ந்தது. நான் எத்தனையோ பேரைக் கண்ணுக்குக் கண் பார்த்துப் பேசியவள். கண் இல்லாத ஒன்று என் நிலையத்துக்குள் நடந்து போவதை நின்று பார்த்தேன். அது ஒரு கோப்பைத் திறந்தது, மூடியது. இன்னொன்றைத் திறந்தது. பெயர்கள் வரிசையாக மேலே ஓடின. எல்லாம் எங்கள் வாடிக்கையாளர் பெயர்கள். பெரியவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் திருப்பவில்லை. என் பொறுப்பு, நான்தான் பார்க்க வேண்டும்.

"வணக்கம், உங்களுக்கு என்ன உதவி வேண்டும்?" என்று எழுத்து வந்தது. பதில் தட்ட எங்களிடம் ஒன்றும் இல்லை.

"அவனுக்கு நாம உள்ள மாட்டியிருக்கிறது தெரியாது," என்றார் மாப்பிள்ளை. "ஏதோ ஆபீஸ்ல பிரிண்டர் ஓடலன்னு நெனச்சுட்டிருப்பான்."

அம்புக்குறி அங்குமிங்கும் அலைந்தது. தற்செயலாகவோ வேண்டுமென்றோ கேமராவைத் திறந்தது. திரையில் எங்கள் அறை மேலிருந்து தெரிந்தது. ஐந்து தலைகள். என் வகிடு எவ்வளவு அகன்றுவிட்டது என்று அன்றுதான் பார்த்தேன். மாப்பிள்ளை சட்டென்று தன் ஒப்பீட்டு அட்டவணையைத் திருப்பினார். பின்பக்கத்தில் பேனாவால் எழுதினார். ஒரே கோட்டின் மேல் பலமுறை இழுத்துப் பெரிதாக்கினார். கதவைத் திறக்கவும். உயிர் ஆபத்து. சின்னவள் முக்காலியில் ஏறி அதைக் கேமராவுக்கு நேராகப் பிடித்தாள்.

அம்புக்குறி நின்றது. அப்படியே நின்றது. அந்தப் பக்கம் யாரோ ஒருவர் நாற்காலியில் முன்னால் சாய்ந்து எங்களைப் பார்த்திருக்க வேண்டும். நான் முதுகை நிமிர்த்திக்கொண்டேன். பிச்சை கேட்கிற மாதிரி நிற்கக் கூடாது என்று தோன்றியது. கேட்டது என்னவோ அதுதான்.

பிறகு அம்புக்குறி வேகமாக ஓடியது. திரை கறுத்து வெளுத்தது. எங்கள் நிலையத்தின் பெயர் வந்தது. கதவு கிளிக் என்றது.

மாப்பிள்ளைதான் முதலில் வெளியே ஓடினார். மரப்பெட்டியைத் தலைகீழாகக் கொட்டி, மிட்டாயைத் தேடி எடுத்து ஓடிவந்தார். பெரியவள் அதைக் கடித்து உடைத்துத் தம்பியின் கன்னத்தின் உட்புறம் தேய்த்தாள். விழுங்குகிற நிலை வந்ததும் தூண் கொண்டுவந்த சர்க்கரைத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தோம். அவன் கண்ணில் மெல்ல ஆள் வந்தான். "எந்தக் கட்சி ஜெயிச்சுது?" என்று கேட்டான். சின்னவள் அவன் காலடியில் உட்கார்ந்து அவன் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"இடி மாதிரி சத்தம் கேட்டுச்சும்மா," என்றான் தூண். "பேச்சு இன்னைக்கு ரொம்ப சூடுன்னு நெனச்சேன்."

"நான் சொன்னதைத்தான் நீ செஞ்ச," என்றேன். அவனை யாரும் ஒரு வார்த்தை சொல்ல விடவில்லை.

மாடியில் சின்னவள் இணைப்புக் கம்பியைப் பிடுங்கி எறிந்தாள். தம்பியைச் சாப்பிட வைத்துப் படுக்க வைத்தபின் மாப்பிள்ளை என்னிடம் தனியாக வந்தார். அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

"அத்தை, தப்பு என்னோடதுதான். ஆனா ஒண்ணு சொல்றேன். ஒண்ணும் திருடு போகல. யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்ல. இது நம்ம வீட்டுக்குள்ளயே இருக்கட்டும். வெளிய தெரிஞ்சா நிலையம் நிக்காது."

"வீட்டுக்குள்ள இல்ல மாப்பிள்ளை. பேர் தெரியாத ஒருத்தர் எல்லாரோட பேரையும் பாத்திருக்கார். அவர் நல்லவராவே இருக்கட்டும். என் தம்பியக் காப்பாத்தினவர். ஆனா பொருள் வச்சவங்களுக்கு அது தெரியணும்."

"அத்தனை பேர்கிட்டயுமா சொல்லப் போறீங்க? நம்ம குடும்ப மானம்..."

"அதுக்காகத்தான் சொல்றேன்."

மறுநாளிலிருந்து ஒவ்வொருவரையும் நானே தொலைபேசியில் கூப்பிட்டேன். வேறு யாரையும் பேச விடவில்லை. கணினி கெட்டது, குடும்பத்தார் உள்ளே சிக்கினோம், தம்பி உயிருக்கு ஆபத்து வந்தது, வெளியாள் ஒருவரை உள்ளே அனுமதித்தேன், உங்கள் பெயரும் பெட்டக எண்ணும் அவர் கண்ணில் பட்டிருக்கலாம், பெட்டகம் எதுவும் திறக்கப்படவில்லை, வந்து சரிபார்த்துக்கொள்ளுங்கள். இதற்கு மேல் ஒரு சொல் சேர்க்கவில்லை, குறைக்கவில்லை. சிலர் நன்றி சொன்னார்கள். சிலர் கத்தினார்கள். ஒரு சிலர் வந்து பொருளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அவர்களில் அப்பா காலத்திலிருந்து வருகிறவர்களும் உண்டு. துணிமூட்டைக்காரரும் எடுத்துக்கொண்டு போனார். வாசல் வரை வழியனுப்பினேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

தம்பி தேறியபின் பாக்கியிருந்த பேச்சைப் பேசி முடித்தோம். பெட்டக அறையில் பேசலாம் என்று யாரும் சொல்லவில்லை. வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தோம். பக்கத்து வீட்டுக்குக் கேட்டால் கேட்டுக்கொள்ளட்டும் என்று ஜன்னலைக்கூடச் சாத்தவில்லை. மாப்பிள்ளை தன் பெட்டியைத் தானே விலக்கிக்கொண்டார். சின்னவள் ஜெயித்துவிட்டாள் என்று நான் நினைத்தேன். அவள் தலையை ஆட்டினாள்.

"என்னோடதும் வேண்டாம் அத்தை. இப்படியே வேண்டாம். அன்னைக்கு என் பெட்டி இருந்து, அது நின்னிருந்தாலும் அப்பா உள்ளதான் இருந்திருப்பார். அத்தானோடதுல கூப்புட ஆளாவது இருந்தான். என்னோடதுல அதுவும் இருக்காது. ராத்திரி பூரா இதேதான் யோசிச்சேன்."

"அப்போ எதுதான் வைக்கிறது?" என்றான் தம்பி.

"உள்ள வர்றதுக்கு மெஷினக் கேக்கட்டும். வெளிய போறதுக்கு எந்த மெஷினையும் கேக்கக் கூடாது. லினக்ஸோ எதுவோ, ஆளு வெளிய வர்ற வழியில ஒரு ஓ.எஸ். நிக்கக் கூடாது. இரும்புக் கைப்பிடி ஒண்ணு போதும். இழுத்தா கதவு திறக்கணும், வெளிய மணி அடிக்கணும். அவ்வளவுதான்."

"ஒளிஞ்சிருந்து திருடுறவன்?" என்றார் மாப்பிள்ளை. கேலியாக இல்லை, நிஜமாகவே கேட்டார்.

"மணி அடிக்கும்ல. தூண் இருக்கான்ல. சாத்துறதுக்கு முன்னாடி அறையச் சுத்திப் பாக்கிறது மனுஷ வேலை அத்தான். அதையும் மெஷின் தலையில கட்டிட்டு நாம சாப்பிடப் போயிட்டோம்."

அப்படியே செய்தோம். உள்ளே வரும் பக்கத்துக்குச் சின்னவளின் சிறிய பெட்டி, இணைய இணைப்பு இல்லாமல். வெளியே போகும் பக்கத்துக்கு வெறும் இரும்பு. அந்தப் பெட்டியைப் பராமரிக்க மாப்பிள்ளையும் கற்றுக்கொள்ள வேண்டும் என்றேன். ஒருத்தி தலைக்குள் மட்டும் அது இருக்கக் கூடாது என்று அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அவர் வார விடுமுறைகளில் வந்து அவள் பக்கத்தில் உட்காருகிறார். இருவரும் இப்போதும் சண்டை போடுகிறார்கள். சத்தம் தெருவரைக்கும் கேட்கிறது.

நான் இன்னமும் அந்த அறைக்குள் போகிறேன். போகத்தான் வேண்டும். வாடிக்கையாளரோடு உள்ளே நின்று கதவு சாத்தும்போது கண் தானாகக் கைப்பிடியைத் தேடுகிறது. கைப்பிடி இருக்கிறது என்று தெரியும். ஆனாலும் யாரோ மேலிருந்து பார்ப்பதுபோல் ஒரு எண்ணம். முகத்தில் காட்டிக்கொள்வதில்லை.

இப்போது ஒரு பேச்சு உலவுகிறது. சின்னவள் அந்தக் கணினியில் தனக்கென்று ஒரு ரகசிய வழி வைத்திருந்தாளாம். அன்று அதை வைத்துத்தான் கதவைத் திறந்தாளாம். அதை மறைப்பதற்காகத்தான் வெளியாள் கதையைக் கட்டி ஊர் முழுக்க நான் தொலைபேசியில் சொன்னேனாம். அவளைப் பெண் பார்க்க வந்த ஒரு வீட்டார்கூட இதைக் காதில் போட்டுக்கொண்டு போயிருக்கிறார்கள்.

அவளிடம் அப்படி எந்த வழியும் இல்லை. தன் அப்பா சாகக் கிடந்தபோதும் இல்லை. கதவைத் திறந்தது பெயர் தெரியாத வெளியாள். அவரை உள்ளே விட்டது நான்.